அழுத்தம் எங்கே விழுகிறது? உத்திரமேரூர் வகுப்பறையில் நீண்ட ஆங்கிலச் சொற்கள்

உத்திரமேரூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூலைப் புரட்டினால், நீளமான சொற்களின் தலைமேல் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 'எக்ஸாமினேஷன்', 'ரெஸ்பான்ஸிபிலிட்டி', 'எலெக்ட்ரிசிட்டி'. ஆசிரியர் ஒருமுறை வாசித்தபோது காதில் விழுந்ததை, மறந்துபோகும் முன் பிள்ளை பிடித்து வைத்த குறிப்பு அது. ஒலிகள் ஓரளவுக்குச் சரியாகவே இருக்கும். எந்த இடத்தில் குரல் ஏறி நீண்டது, எந்தெந்த இடங்களில் தேய்ந்து போனது என்ற செய்தி மட்டும் அதில் இருக்காது. தமிழ் எழுத்து ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரிய மாத்திரையை முழுதாகக் கொடுத்துவிடும். ஆகவே வீட்டில் திரும்ப வாசிக்கும்போது 'எக்-ஸா-மி-னே-ஷன்' ஐந்தும் ஒரே எடையில் வரும்.

தேர்வு கேட்பது வேறொன்றை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் சொல்லை சிலபிள் சிலபிளாகப் பிரித்து எழுதும் கேள்வி பல ஆண்டுகள் ஆங்கில வினாத்தாளில் இடம்பெற்றது. இன்றும் மொழிப் பயிற்சிகளில் உண்டு. நடுவில் சிறுகோடு போட்டு, எத்தனை என்று எண்ணிக்கை எழுதினால் மதிப்பெண். அழுத்தத்தைப் பாடநூல் சொல்லாமல் விடவில்லை. ஆனால் வாய்மொழியாகக் கேட்டாலொழிய சோதிக்க முடியாத ஒன்று என்பதால், எழுத்துத் தேர்வுக்கான ஓட்டத்தில் அது பின்னுக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டு கேள்விகளையும், அதாவது சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது என்பவற்றைப் பற்றி அறிஞர்கள் இதுவரை சொன்னதைத் தொகுத்துப் பார்ப்பதும், நம் பிள்ளைகளுக்கு எது முதலில் வேண்டும் என்று கேட்பதும் இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிப்பதைவிட அழுத்தம் பெரியது. அதைக் கற்பதற்கான கருவிகளில் பாதியை இந்தப் பிள்ளைகள் தமிழ் வகுப்பிலேயே பெற்றுவிடுகிறார்கள். ஆங்கில வகுப்பில் அவற்றை யாரும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை.

பிரிப்பு பற்றிய ஆய்வை வாசித்தால் முதலில் தெரியவருவது, அதில் வல்லுநர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதுதான். 'டீச்சர்' என்ற சொல்லை அமெரிக்க மரபு 'டீச்' என்ற வினையைத் தனியே நிறுத்தி, 'அர்' விகுதியைப் பிரிக்கும். உச்சரிப்பைப் பின்பற்றுகிறவர்கள் 'டீ-ச்சர்' என்பார்கள். அறிவு என்ற பொருள்படும் 'நாலெட்ஜ்' என்ற சொல்லில் 'எல்' எழுத்து முன் துண்டோடு போகுமா, பின் துண்டோடு போகுமா என்பதில் அமெரிக்க அச்சகமும் பிரிட்டிஷ் அச்சகமும் வேறுபடும். 1783இல் வெளியான நோவா வெப்ஸ்டரின் எழுத்துப் பயிற்சி நூல், அதற்கு முன்பிருந்த ஆங்கிலேயப் பிரிப்பு முறையை மாற்றி, காதில் கேட்கும்படி சொற்களைப் பிரித்தது. அகராதிகளில் இன்று நாம் பார்க்கும் புள்ளிகள் பெரும்பாலும் வரியின் கடைசியில் சொல்லை எங்கே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம் என்று அச்சுக் கோப்பவருக்குச் சொல்பவை. நாக்குக்கு வழிகாட்ட வந்தவை அல்ல அவை. 1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் கணினியே சொற்களை உடைப்பதற்கு ஒரு முறையை வகுத்தார். அச்சுக்கோப்பு மென்பொருள்களில் அது வேரூன்றியது. அதுவும் வரி உடைப்புக்கானதுதான்.

ஒலியியல் அறிஞர்கள் பக்கம் போனாலும் இதே நிலைமைதான். 1976இல் டேனியல் கான், சில மெய்கள் இரண்டு சிலபிளுக்கும் ஒரே நேரத்தில் சொந்தம் என்றார். 'ஹேப்பி' என்ற சொல்லின் நடுமெய் அப்படிப்பட்டது. 1990இல் லாங்மன் உச்சரிப்பு அகராதியைத் தொகுத்த ஜான் வெல்ஸ், அழுத்தம் அதிகமுள்ள சிலபிள் பக்கத்து மெய்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று வாதிட்டார். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெல்ஸின் கணக்குப்படி அழுத்தம் தெரிந்தால்தான் எல்லையே தெரியும். நம் வகுப்பறையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் பிரி, பிறகு அழுத்தம் தேடு என்கிறோம். எல்லைக்கோட்டில் இத்தனை கருத்து வேறுபாடு இருக்கும்போது, சிறுகோடு ஓர் எழுத்து தள்ளிப் போனதற்காக ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

எண்ணிக்கையில் இவ்வளவு சிக்கல் கிடையாது. 'எஜுகேஷன்' நான்கு, 'யுனிவர்சிட்டி' ஐந்து என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனாலும் எழுத்தைப் பார்த்து எண்ணுகிற பிள்ளைக்கும் காதால் எண்ணுகிற பிள்ளைக்கும் விடை மாறுகிற சொற்கள் உண்டு. காய்கறியைக் குறிக்கும் 'வெஜிடபிள்' நம் வாயில் நான்கு துண்டு. ஆங்கிலேயர் வாயில் 'வெஜ்-ட-பிள்' என்று மூன்று. 'கம்ஃபர்டபிள்' சொல்லும் அப்படித்தான் ஒன்று சுருங்கிவிடும். எதிர்ப்பக்கமாக, 'ஸ்கூல்' ஆங்கிலத்தில் ஒரே சிலபிள். நம் பேச்சில் 'இஸ்கூலு' என்று மூன்றாக விரியும். தாடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லவைத்து, தாடை எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணச் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. நல்ல வழிதான். பிள்ளை சொல்லை எப்படிச் சொல்கிறதோ அதைத்தான் தாடை எண்ணும் என்பதால், சொல்லும் முறை சரியானால் எண்ணிக்கையும் தானே சரியாகும்.

அழுத்தம் ஏன் பெரியது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்றைய ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் அதன் தொடர்ச்சி. அங்கே பணியாற்றிய ஆர். கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எந்த அளவுக்குப் புரிகிறது என்று ஆராய்ந்து 1969இல் நூலாக்கினார். இந்தியரின் தொடர்பேச்சு பிரிட்டிஷ் செவிகளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 70 விழுக்காடே புரிந்தது. புரியாமல் போனதற்கான காரணங்களில், சொல்லில் அழுத்தம் இடம் மாறி விழுவதை அவர் முன்வரிசையில் வைத்தார். பிறகு அவரும் ஹாரிசனும் சேர்ந்து இந்தியர்களுக்கான பேச்சு ஆங்கில நூலொன்றை எழுதினார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு டி. பாலசுப்ரமணியனின் ஒலியியல் பாடநூல் நன்றாகத் தெரியும். 1981இல் வந்த அது தலைமுறைகளாகக் கையில் இருக்கிறது. ஆக, அறிவு இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் இருந்தது, 1963 முதல் பெங்களூரில் தென்மாநிலங்களுக்கான வட்டார ஆங்கில நிறுவனத்தில் இருந்தது, கல்லூரிப் பாடநூலில் இருந்தது. கிராமத்துப் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் அது சிறுகோடு போடும் பயிற்சியாகச் சுருங்கிவிட்டது.

அப்படிச் சுருங்கியதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1950களின் கடைசியில் அன்றைய சென்னை மாநிலத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெருமுயற்சி நடந்தது. முதலில் சிலருக்கு, அவர்கள் வழியாகப் பலருக்கு என்று பனிப்பந்து போல உருண்டு பெருகும் ஏற்பாடு. அதன் உள்ளடக்கம் வாக்கிய அமைப்புகள்: எளிய வாக்கியத்தை வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவது. அத்தனை பேருக்கு அவ்வளவு குறுகிய காலத்தில் கொண்டுபோகக் கூடியதும் அதுதான். உச்சரிப்பு நுட்பம் கைமாறிக் கைமாறி வருவதற்குள் தேய்ந்துவிடும், காதும் குரலும் நேருக்கு நேர் இருந்தால்தான் அது தங்கும். இன்றைய பயிற்சி முகாம்களிலும் இந்தக் கஷ்டம் இருக்கிறது.

இனி எதிர்வாதம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2000இல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ், உலகம் முழுவதும் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் தங்களைப் போலவே அதைக் கற்றுக்கொண்டவர்களிடம்தான் பேசுகிறார்கள், அவர்களுக்குள் சொல்லழுத்தம் புரிதலுக்குப் பெரிய தடையாக இல்லை, அதன் விதிகளும் கற்பிக்க முடியாத அளவு சிக்கலானவை என்று எழுதினார். வாக்கியத்தில் முக்கியமான சொல்லுக்குத் தரும் அழுத்தத்தை அவர் கட்டாயப் பட்டியலில் வைத்தார்; சொல்லுக்குள்ளே விழும் அழுத்தத்தை வெளியே வைத்தார். உத்திரமேரூர்ப் பிள்ளையின் எதிர்காலத்தை வைத்து இதை யோசிக்க வேண்டும். ஐடிஐ முடித்த பையனோ டிப்ளமோ முடித்த பெண்ணோ கம்பெனி பஸ் ஏறிப் போவது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம். அங்கே ஹூண்டாயில் கொரியர்கள், ரெனோவில் பிரெஞ்சுக்காரர்கள், ஃபாக்ஸ்கானில் தைவான்காரர்கள், எல்லா இடத்திலும் வடமாநிலத்துச் சக தொழிலாளர்கள். லண்டன்காரர் ஒருவரை அவர்கள் சந்திக்காமலே பணிக்காலம் முடிந்துவிடலாம். அப்படியென்றால் லண்டன் அழுத்தம் எதற்கு?

இதற்குப் பதிலாக ஜான் ஃபீல்டு 2005இல் வெளியிட்ட சோதனையைச் சொல்வேன். இரண்டு சிலபிள் சொற்களில் அழுத்தத்தை வேண்டுமென்றே இடம் மாற்றி ஒலிக்கச் செய்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையும் கற்றுக்கொண்டவர்களையும் எழுதச் சொன்னார். இரு தரப்பும் தடுமாறினார்கள். கற்றுக்கொண்டவர்களுக்கு அழுத்தம் பொருட்டே இல்லை என்ற எண்ணத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: அழுத்தம் வலப்பக்கம், அதாவது சொல்லின் கடைசிப் பக்கம் நகர்ந்தால் சேதம் அதிகம்; இடப்பக்கம் நகர்ந்தால் குறைவு. தமிழர் வாயில் 'டெவலப்மென்ட்' சொல்லின் அழுத்தம் இரண்டாவதிலிருந்து முதலுக்கு, இடப்பக்கமாக நகர்கிறது. ஃபீல்டின் சோதனை நீண்ட சொற்களைப் பற்றியது இல்லை என்றாலும், அந்தப் போக்கை வைத்துப் பார்த்தால் இது பெரிய பிழையாக இருக்காது. 'சர்டிஃபிகேட்' என்று கடைசித் துண்டை நீட்டி முழக்குவது அதைவிட மோசமானது. ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாவதான 'டி'யில், கடைசித் துண்டு 'கிட்' என்ற அளவுக்குத் தேய்ந்துவிடும். எல்லாப் பிழையையும் ஒரே கண்டிப்போடு திருத்த வேண்டியதில்லை. எது கேட்பவரை வழிதவற வைக்குமோ அதை முதலில் திருத்தலாம்.

பேசுவதை விடுங்கள், கேட்பதற்கும் அழுத்தம் வேண்டும். ஆங்கிலப் பேச்சில் வரும் பொருளுள்ள சொற்களில் மிகப் பெரும்பாலானவை வலுவான சிலபிளில்தான் தொடங்குகின்றன என்று ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987இல் கணக்கிட்டார்கள். ஓடும் பேச்சில் ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்பதை ஆங்கிலச் செவி அந்த வலுவான இடங்களை வைத்தே பிடிக்கிறது. அழுத்தம் பழகாத பிள்ளைக்கு ஆங்கிலச் செய்தி வாசிப்போ யூடியூப் பாடமோ ஒரே மூச்சில் ஓடும் இரைச்சலாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். தெரியாத சொற்களால் மட்டும் அப்படி ஆவதில்லை. தெரிந்த சொல்லும், எதிர்பார்த்த துண்டுகள் தேய்ந்து வருவதால், அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

இந்த ஊர்ப் பக்கத்துக்கு அழுத்தப் பாடம் புதியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உத்திரமேரூர் பழைய சதுர்வேதிமங்கலம். குடவோலைத் தேர்தலைச் சொல்லும் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளுக்காக அதைப் பள்ளிக்கூடம் போன எல்லாரும் அறிவார்கள். வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு; 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையோடு (மருத்துவமனையோடு) ஒரு கல்விச்சாலையையும் அது விவரிக்கிறது. ரிக் வேதத்துக்கு ஓர் ஆசிரியர், யஜுர் வேதத்துக்கு ஓர் ஆசிரியர், இலக்கணத்துக்கு ஓர் ஆசிரியர். வேதம் ஓதுவதில் உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று ஒவ்வோர் அசைக்கும் குரல் நிலை உண்டு. அது பிறழ்ந்தால் பொருளே கவிழ்ந்துவிடும் என்பதற்குப் பதஞ்சலி காலத்திலிருந்து சொல்லப்படும் கதை 'இந்திரசத்ரு'. இந்திரனைக் கொல்பவன் பிறக்க வேண்டும் என்று துவஷ்டா வேள்வி செய்தான். அழுத்தம் சொல்லின் கடைசியில் விழ வேண்டியது முதலில் விழுந்ததால், இந்திரனால் கொல்லப்படுபவன் என்று பொருள் மாறி, பிறந்த விருத்திரன் இந்திரன் கையிலேயே மடிந்தான். ஆங்கிலத்தில் 'ரெக்கார்டு' என்ற சொல் முதல் துண்டில் அழுத்தினால் பெயராகவும் இரண்டாவதில் அழுத்தினால் வினையாகவும் ஆவதை விளக்க, இதைவிடப் பொருத்தமான உள்ளூர்க் கதை கிடைக்காது. அந்த நுட்பம் அன்று ஒரு சாதியாரின் செவிக்குள் மட்டும் காக்கப்பட்டது. இன்று அதே மண்ணில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, செவிக்கான கல்வி அவர்கள் எல்லாருக்கும் முழுமையாகப் போய்ச் சேர வேண்டும்.

இப்போது தமிழ் வகுப்புக்கு வருவோம். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும் கேள்வி உண்டு. நேர், நிரை, தேமா, புளிமா என்று பிள்ளைகள் சரளமாகப் பிரிப்பார்கள். அதே பிள்ளைகள் ஆங்கில சிலபிளில் திணறுவதைப் பார்த்துவிட்டு, 'அசை பிரிக்கிற மாதிரிதான்டா இதுவும்' என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நல்லெண்ணத்தோடு சொல்வது, ஆனால் பிள்ளையைக் குழியில் தள்ளிவிடும். யாப்பில் இரண்டு குறில் சேர்ந்தால் ஒரு நிரையசை. குறிலும் நெடிலும் சேர்ந்தாலும் ஒரு நிரையசை. ஆங்கில சிலபிளுக்கோ ஓர் உயிர் ஒலிதான் கணக்கு. 'எலிபண்ட்' என்பதை அலகிட்டால் நிரை, நேர் என்று இரண்டு அசை, சிலபிள் மூன்று. பென்சிலில் எழுதிய 'எக்ஸாமினேஷன்' என்பதை அலகிட்டால் நேர், நேர், நிரை, நேர் என்று நான்கு, சிலபிள் ஐந்து. உத்திரமேரூரின் பெயரே நான்கு அசை, ஐந்து சிலபிள். இந்த வேறுபாட்டை ஐந்து நிமிடத்தில் பலகையில் போட்டுக் காட்டிவிடலாம். காட்டாமல் விட்டால், நன்றாக யாப்பு தெரிந்த பிள்ளைதான் முதலில் தப்புச் செய்யும்.

அசைக் கணக்கு உதவாத இடத்தில் மாத்திரைக் கணக்கு உதவும். குறில், நெடில், ஒற்று என்ற மூன்றும் நம் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே கைப்பழக்கம். 1968இல் நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் ஆங்கில ஒலி அமைப்பைப் பற்றி எழுதிய பெருநூல், நீண்ட பெயர்ச்சொற்கள் பலவற்றின் அழுத்தம் பழைய லத்தீன் வழியைப் பின்பற்றுவதாகக் காட்டியது. தமிழ் இலக்கணச் சொல்லில் அதை இப்படிச் சொல்லலாம்: கடைசி சிலபிளை விட்டுவிடு. அதற்கு முந்தியதைப் பார். அது நெடிலாக இருந்தாலோ ஒற்றில் முடிந்தாலோ அழுத்தம் அங்கேயே. வெறும் குறிலாக இருந்தால் இன்னும் ஒன்று முன்னால் போ. 'அஜென்டா': 'ஜென்' ஒற்றில் முடிகிறது, அழுத்தம் அங்கே. 'செப்டம்பர்', 'வெராண்டா' இப்படியே. 'பொட்டேட்டோ', 'அக்டோபர்': நெடில், அங்கேயே. 'சினிமா': நடுவில் 'னி' குறில், ஆகவே முதலில் இருக்கும் 'சி'. 'ஹாஸ்பிடல்' சொல்லிலும் நடுத்துண்டு குறில். அழுத்தம் 'ஹாஸ்' மேல். 'கேலண்டர்' போன்ற சொற்கள் இதற்கு அடங்காது. இருந்தாலும் லத்தீன்காரர் கண்ட கனமும் நம் இலக்கணத்தார் கண்ட நெடிலும் ஒற்றும் ஒன்றாகவே இருப்பது எனக்குத் தீராத வியப்பு. ஒரு பிள்ளை இதை ஒருமுறை புரிந்துகொண்டால், விதி தன் வீட்டுச் சரக்கு என்ற துணிவு வரும்.

ஓர் எச்சரிக்கை மட்டும்: கணக்குப் போட வேண்டியது ஆங்கில உச்சரிப்பின் குறில் நெடிலை. பென்சில் குறிப்பின் குறில் நெடிலை வைத்துப் போட்டால் தவறும். 'மேனேஜர்' என்று நாம் இரண்டு நெடில் போடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த நடு உயிர் தேய்ந்த குறில், அழுத்தம் முதலில். 'அமெரிக்கா'வில் நாம் போடும் இரட்டைக் ககரமும் நம் பழக்கம்தான். அங்கே 'ரி' வெறும் குறில், அழுத்தம் 'மெ' மேல்.

இரண்டாவது கருவி குறுக்கம். என் பார்வையில் இதுதான் முக்கியமானது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிர்கள் பெரும்பாலும் தம் நிறத்தை இழந்து, வாய் பாதி திறந்த ஒரு மங்கலான அகரமாகிவிடும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர் அதுதான். அதற்கென்று தனி எழுத்து ஆங்கில நெடுங்கணக்கிலும் இல்லை, தமிழிலும் இல்லை. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் துண்டு வலுவானது, இரண்டாவது தேய்ந்தது. 'ஃபோட்டோகிராஃபி' என்று நீளும்போது அழுத்தம் இரண்டாவதுக்குத் தாவி, 'ஃப-டாக்-ர-ஃபி' என்று ஒலிக்கும். முதல் துண்டு இப்போது தேய்ந்துவிட்டது. எழுத்து மாறவில்லை, இடம் மாறியதால் ஒலி குறுகியது. இதைக் கேட்டவுடன் தமிழாசிரியர் ஒருவருக்கு என்ன நினைவு வரும்? ஐகாரக்குறுக்கம். 'தலைவன்' என்று எழுதுகிறோம்; ஐகாரம் தன் இரண்டு மாத்திரையை விட்டு ஒன்றாகக் குறுகி ஒலிக்கிறது. 'பாட்டு', 'பந்து' சொற்களின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைத் தொல்காப்பியம் சொல்கிறது. பவணந்தியார் நன்னூலில் குறுக்கங்களை வரிசையாக வகுத்துத் தருகிறார். ஓர் எழுத்து சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் அளவு குறையும் என்ற கருத்து நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். தமிழில் அது சில எழுத்துக்கும் சில இடத்துக்கும் உரியது. ஆங்கிலத்தில் எந்த உயிருக்கும், அழுத்தம் இல்லாத எந்த இடத்திலும் நடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழில் அழுத்தமே இல்லையா என்று கேட்கலாம். எலினார் கீன் 2006இல் இதை ஆராய்ந்தார். தமிழ்ச் சொல்லின் முதல் அசைக்கு ஒரு மெல்லிய முதன்மை இருக்கிறது என்றும், பின்வரும் அசைகளின் உயிர் சற்றுத் தளர்கிறது என்றும் அவர் ஆய்வு காட்டுகிறது. ஆங்கிலத்தைப் போல இடம் விட்டு இடம் தாவிப் பொருளை மாற்றும் அழுத்தம் நம்மிடம் இல்லை. இதனால்தான் 'ஃபாதர்', 'வாட்டர்', 'எஸ்டர்டே' போன்ற ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் நம் பிள்ளைகள் இயல்பாகவே சரியாக அழுத்துகிறார்கள். அவையும் முதல் சிலபிளில் அழுந்துபவை. லத்தீன், கிரேக்க, பிரெஞ்சு வழி வந்த நீண்ட சொற்களில்தான் இடறல் எல்லாம்.

அந்த நீண்ட சொற்களுக்கு எளிய வழி, வாலைப் பார்ப்பது. 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்திய சிலபிளில் அழுத்தம்: புரொடக்ஷன், இன்ஸ்பெக்ஷன், எக்ஸாமினேஷன். 'இக்' என்று முடிந்தாலும் முந்தியது: மெக்கானிக்கில் 'கா', எலெக்ட்ரிக்கில் 'லெக்'. 'இட்டி' என்று முடிந்தால் அந்த விகுதிக்கு முந்திய இடம், கடைசியிலிருந்து எண்ணினால் மூன்றாவது: குவாலிட்டியில் முதல் துண்டு, எலெக்ட்ரிசிட்டியில் 'ட்ரி', ரெஸ்பான்ஸிபிலிட்டியில் 'பி'. 'ஷியன்' என்றால் அதற்கு முந்தியது: டெக்னீஷியன், எலெக்ட்ரீஷியன். 'இன்ஜினியர்' போன்றவற்றில் வாலே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். 'மென்ட்', 'நெஸ்', 'ஃபுல்' போன்ற வால்கள் எதையும் அசைக்காமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஐடிஐ வாசலில் நிற்கும் பிள்ளைக்கு நாள்தோறும் தேவைப்படும் சொற்களில் பெரும்பகுதி இந்த ஐந்தாறு வால்களுக்குள் வந்துவிடுகிறது. 'எலெக்ட்ரிக்', 'எலெக்ட்ரிசிட்டி', 'எலெக்ட்ரானிக்' மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லவைத்தால் அழுத்தம் நகர்வதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். விதிவிலக்குகள் உண்டு: 'டெலிவிஷன்' முதலிலேயே அழுந்தும், கணக்குப் பாடமான 'அரித்மெடிக்' இரண்டாவதில், 'பாலிடிக்ஸ்' முதலில். இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம், எதிர்ப்படும்போது சொன்னால் போதும். ஜென்கின்ஸ் விதிகள் சிக்கலானவை என்றது முழுப் பட்டியலை நினைத்து. வால்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு பருவத்துக்குள் முடியும் வேலை.

அழுத்து என்றால் பிள்ளைகள் கத்துகிறார்கள். டென்னிஸ் ஃப்ரை 1955இலும் 1958இலும் செய்த சோதனைகள் அழுத்தம் என்பது உரத்த குரல் என்ற எண்ணத்தைத் திருத்தின. சுருதி மாற்றமும் நீளமும்தான் செவிக்கு முதல் அடையாளம். உரப்பு அவற்றுக்குப் பின்னால்தான். ஆகவே 'சத்தமாச் சொல்லு' என்பதைவிட 'இழுத்துச் சொல்லு' என்பது சரியான கட்டளை. ஜூடி கில்பர்ட் தன் பாடநூல்களில் பரப்பிய ரப்பர் பேண்ட் வழி இதற்கென்றே வந்தது: இரு கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு, அழுத்தம் வரும் இடத்தில் மட்டும் இழுப்பது. பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் பொருள். 'மெக்கானிக்' என்று சொல்லி நடுவில் இழுக்கும்போது முதல் துண்டு கையிலேயே சுருங்குவது தெரியும். குறுக்கம் என்றால் என்ன என்பதைக் கை புரிந்துகொள்ளும்.

அகராதி பார்க்கும் பழக்கத்திலும் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. 1917இல் டேனியல் ஜோன்ஸ் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி முதல் இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி வரை, அழுத்தக் குறி வலுவான சிலபிளுக்கு முன்னால் நிற்கும். பழைய அகராதிகள் பலவற்றில் அது பின்னால் நிற்கும். வீட்டில் அண்ணன் விட்டுப்போன பழைய அகராதியும் பள்ளி நூலகத்துப் புதிய அகராதியும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு இடத்தில் குறி காட்டுவதாகப் பிள்ளை குழம்பும். அகராதியின் முன்பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் இது. கைபேசியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் கேட்கலாம் என்ற வசதி வந்த பிறகு இது பாதி தீர்ந்துவிட்டது. கேட்டுவிட்டு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் அந்த வசதிக்குப் பயன்.

பென்சில் குறிப்பைத் தடை செய்கிற ஆசிரியர்களை அறிவேன். நான் அவர்கள் பக்கம் இல்லை. தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது தனியே போராடும் பிள்ளைக்கு இருக்கும் ஒரே ஊன்றுகோல். உத்திரமேரூர்க் கோயில் சுவரிலேயே தமிழ் வரிகளுக்கு நடுவே வடசொல் வரும் இடத்தில் கிரந்த எழுத்து நுழைகிறது. 'எக்ஸாமினேஷன்' எழுதும் பிள்ளை இன்று கையாளும் 'ஸ'வும் 'ஷ'வும் அந்த வழியாக வந்தவையே. அதோடு இரண்டு குறிகளைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் போதும். நீளும் துண்டின் அடியில் ஒரு கோடு. தேயும் துண்டுகளின் மேல் ஒரு புள்ளி. அப்போது 'இக்-ஸா-மி-னே-ஷன்' என்பதில் 'னே' கோட்டோடு நிற்கும், 'இக்'கும் 'மி'யும் 'ஷன்'னும் புள்ளி பெறும், 'ஸா' இரண்டும் இல்லாமல் நடுத்தர வலுவோடு இருக்கும். முன்பு வெறும் ஒலிக்குறிப்பாக இருந்தது இப்போது உச்சரிப்புக் குறிப்பாகிவிடுகிறது.

தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஆசிரியர் அறையில்தான் உட்காருகிறார்கள். யாப்புப் பாடம் நடக்கும் வாரத்தில் ஆங்கில ஆசிரியர் சிலபிள் பாடத்தை வைத்துக்கொண்டு, அசையும் சிலபிளும் எங்கே ஒன்று, எங்கே வேறு என்று ஒரு பாடவேளையை இருவரும் சேர்ந்து எடுக்கலாம். குறுக்கம் நடத்தும்போது தமிழாசிரியர் 'ஃபோட்டோகிராஃபி'யை ஓர் உதாரணமாகச் சொல்லலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. தேர்வு முறைக்குத்தான் மேலிருந்து மாற்றம் வேண்டும். எழுத்துத் தேர்விலேயே 'இந்தச் சொல்லில் எந்த சிலபிள் வலுவானது, அடிக்கோடு இடு' என்று கேட்க முடியும். விடை ஒன்றுதான், திருத்துவதும் சுலபம். பிரிட்டனும் அமெரிக்காவும் வேறாகச் சொல்லும் 'லேபரட்டரி', 'அட்வர்டைஸ்மென்ட்' போன்ற சில சொற்களைத் தவிர்த்துவிட்டால் சர்ச்சைக்கும் இடமில்லை. சிறுகோடு போடும் கேள்விக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணை இதற்கு மாற்றினால், அடுத்த ஜூன் மாதமே வகுப்பறைகளில் பயிற்சியும் மாறும்.